கொலுசுப் பட்டறை வீட்டில் ஓர் ஆறாம் வகுப்புச் சேர்க்கை: கட்டணமும் பொருத்தமும் குறித்த நிகழ்வு ஆய்வு

சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு சேர்ந்த சிறிய கொலுசுப் பட்டறை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். மகள் தெருமுனையில் உள்ள நர்சரி பிரைமரிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். அந்தப் பள்ளி ஐந்தோடு சரி. மகன் அங்கேயே இரண்டாம் வகுப்பு. 2024 ஜூனில் மகளை எங்கே சேர்ப்பது என்று ஜனவரியிலேயே பேச்சு தொடங்கிவிட்டது.

இங்கே காட்டப்படும் குடும்பம் ஒரே வீட்டின் கதை அல்ல. இந்தப் பகுதியில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைமைகளை ஒன்றாக்கி அமைத்த மாதிரி. வருமானம், கட்டணம், மதிப்பெண் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. அந்த இடங்களில் உங்கள் வீட்டுத் தொகையையும் உங்கள் கையில் உள்ள ரசீதுகளையும் வைத்துப் போட்டுப் பாருங்கள். சட்டம், அரசுத் திட்டம் பற்றிய செய்திகள் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

முன்னால் இருந்த நான்கு வழிகள்

முதலாவது, வீட்டிலிருந்து 2 கி.மீ. தொலைவில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு. இரண்டாவது, நகருக்குள் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. அதன் தமிழ் வழிப் பிரிவில் கட்டணம் பெயருக்குத்தான், ஆனால் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதி. குடும்பம் கேட்டது ஆங்கில வழியை. மூன்றாவது, பைபாஸ் ஓரம் 14 கி.மீ. தள்ளி இருக்கும் சிபிஎஸ்இ பள்ளி. வீட்டு வாசலுக்கே வேன் வரும். நான்காவது, ஏற்காட்டில் விடுதியோடு கூடிய பள்ளி. இது தாய்மாமன் சொன்ன யோசனை.

ஏற்காட்டுப் பேச்சை முதலிலேயே முடித்துவிடலாம். மலையில் விடுதிப் பள்ளி என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. நல்ல மைதானம், நல்ல காற்று, ஒழுங்கான நாள் என்று மாமன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் கணக்குக்கு எடுத்துக்கொண்ட 2,80,000 ரூபாய் ஆண்டுச் செலவு, இந்த வீட்டின் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல். அதற்கு மேல் கம்பளி உடுப்பு, முன்வைப்புத் தொகை, பெற்றோர் பார்க்கப் போகும் நாட்களின் செலவு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் இந்தப் பிள்ளைக்குக் குமட்டுகிறது. மே மாதத்தில் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதை நகராது. விடுமுறைக்குப் பிள்ளையை அழைத்துவரும் நாட்களில் அது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் ஆத்தாவ விட்டுட்டுப் போகமாட்டேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். விடுதியில் சேரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே இருக்க மனம் வேண்டும். அது இல்லாவிட்டால் மைதானமும் காற்றும் உதவாது. மாமனிடம் அம்மாவே பேசி முடித்தார்.

கட்டணத்தை எந்த ஆண்டில் பார்ப்பது

பெரும்பாலான வீடுகளில் பிழை தொடங்கும் இடம் இதுதான். "வருஷத்துக்கு 62,000 தானே, மாசம் அஞ்சாயிரத்துச் சொச்சம்" என்றுதான் சிபிஎஸ்இ பள்ளியைப் பற்றி முதலில் பேசினார்கள். 62,000 என்பது கல்விக் கட்டணம் மட்டும். வேனுக்கு 22,000, புத்தகம் நோட்டுக்கு 9,000, சீருடை ஷூ வகையில் 6,000, ஆண்டு விழா, தேர்வு, சுற்றுலா என்று 4,000. கூட்டினால் முதல் ஆண்டிலேயே 1,03,000.

அடுத்தது ஏழு ஆண்டுக் கணக்கு. ஆறாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் மனத்துக்குள் பன்னிரண்டு வரைக்கும்தான் சேர்க்கிறார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவதாக வைத்தால், முதல் ஆண்டுச் செலவை 8.92ஆல் பெருக்கினால் ஏழு ஆண்டு மொத்தம் கிடைக்கும். 10 சதவீதம் என்றால் 9.49ஆல் பெருக்க வேண்டும். 8 சதவீதத்தில் சிபிஎஸ்இ பள்ளிக்கு ஏறத்தாழ 9 லட்சத்து 19 ஆயிரம். உதவி பெறும் பள்ளியின் சுயநிதிப் பிரிவில் கட்டணம், பயணம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து முதல் ஆண்டு 34,000. ஏழு ஆண்டில் 3 லட்சத்து 3 ஆயிரம். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பாடநூல் இலவசம். ஷூ, பை, சில்லறைச் செலவுக்கு 5,000, வெளியே ஆங்கிலத்துக்கோ கணக்குக்கோ டியூஷன் வைத்தால் 10,000, ஆக 15,000. ஏழு ஆண்டில் 1 லட்சத்து 34 ஆயிரம்.

வீட்டு வருமானத்தையும் மாதச் சராசரியாக மட்டும் பார்க்கக் கூடாது. செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளி தருவார், கொலுசாக்கிக் கொடுத்தால் எடைக்குக் கூலி. தீபாவளிக்கு முன்னும் தையிலும் மாதம் 65,000 வரும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆர்டர் தளர்ந்து 22,000க்கு இறங்கும். வெள்ளி விலை திடீரென ஏறினால் கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவைப்பார்கள். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்தால் 45,000. வீட்டுச் செலவு 27,000, வண்டிக்கும் பட்டறை இயந்திரத்துக்கும் தவணை 6,500. மிச்சம் மாதம் 11,500, ஆண்டுக்கு 1,38,000.

இந்த 1,38,000ஐயும் சிபிஎஸ்இ கணக்கையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு செய்தி தெரிகிறது. முதலாவது, மகள் ஒருத்திக்கு மட்டும் என்றால் முதல் ஆண்டு முடியும். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறிக்கொண்டே போனால் ஐந்தாம் ஆண்டில் செலவு 1,40,000. மிச்சம் ஏறாமல் நின்றால் அந்த ஆண்டு பணம் போதாது. அந்த ஐந்தாம் ஆண்டுதான் பத்தாம் வகுப்பு. பள்ளியை மாற்ற அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. இரண்டாவது, தம்பியையும் அங்கே சேர்த்தால் (அவனுக்கு 80,000 என்று வைத்தால்) முதல் ஆண்டே 1,83,000. அதாவது முதல் நாளிலிருந்தே ஆண்டுக்கு 45,000 துண்டு விழும். "அக்காவுக்கு அந்த ஸ்கூலு, எனக்கு மட்டும் இதா?" என்று கேட்கும் வயது அவனுக்கும் வரும்.

தவணை விழும் மாதத்தையும் பாருங்கள். முதல் டெர்ம் பணம் ஜூனில். அதை அடைத்த கையோடு ஆடி வருகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகைச் செலவும் அப்போதுதான். கையில் காசு குறைந்த நேரத்தில் பெரிய தொகை கேட்கும் பள்ளிக்கு இந்தத் தொழில்காரர்கள் நகையை அடகு வைத்துத்தான் கட்டுகிறார்கள். அந்த வட்டியும் பள்ளிச் செலவுதான், ஆனால் எந்த வீட்டிலும் அதைப் பள்ளிக் கணக்கில் எழுதுவதில்லை.

சிலர் வருமான வரிச் சலுகையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும் உண்டு, அதுவும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும், வேனுக்கோ நன்கொடைக்கோ இல்லை. ஆண்டு வருமானம் 5,40,000 உள்ள இந்த வீட்டுக்குப் புதிய முறையில் வரியே வராது. ஆகவே இதில் லாபம் எதுவும் இல்லை. 25 சதவீத இட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைக்குமா என்றும் கேட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த இடங்கள் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு நுழைவுக்கு மட்டும். ஆறாம் வகுப்புக்குக் கிடையாது. நலிந்த பிரிவு என்று விண்ணப்பிக்கவும் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

முன்பணம் என்ற சுமை

ஜனவரியில் "சீட் போயிடும்" என்ற பேச்சில் சிபிஎஸ்இ பள்ளிக்கு 10,000 கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ஒவ்வொரு பேச்சும் அந்தப் பத்தாயிரத்தில் போய் நின்றது. "ஏங்க, கட்டுன பணம் வீணாப் போகுமே" என்று மனைவி, "அதுக்காக ஒன்பது லட்சம் கட்டணுமா" என்று கணவன். கணவன் சொன்னதுதான் சரி. போன பணம் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் போனதுதான், அதை எந்தப் பக்கத்திலும் எழுதக் கூடாது.

நுழைவுக்கு நன்கொடை கேட்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. சேர்க்கைக்கு முன் அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயிக்கப்பட்டது என்று கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும், எந்தத் தலைப்பில் வாங்கப்பட்டது என்று எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது தராத தொகையை அடுத்த ஆண்டு ஏறப்போகும் கட்டணமாகவே கணக்கில் வையுங்கள்.

பொருத்தம் என்பதைத் துண்டு துண்டாகப் பார்ப்பது

"எம் பொண்ணுக்கு அந்த ஸ்கூல்தான் செட் ஆகும்" என்று சொல்லும்போது பல நேரம் அந்தப் பள்ளி பொருந்துவது அப்பாவின் கௌரவத்துக்கோ அம்மாவின் பயத்துக்கோதான். பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். இந்த வீட்டில் ஐந்தை மட்டும் பார்த்தார்கள்: மொழி, பயண நேரம், நோட்டு, கழிப்பறை, பதினொன்றாம் வகுப்பு. ஆறாவது, பிள்ளை தானாகவே சொன்னது: கோகோ விளையாட்டு.

மொழியை இப்படிச் சோதித்தார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு அறிவியலில் ஒரே பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் தமிழ்ப் பக்கத்தை வாய்விடாமல் படித்து, புத்தகத்தை மூடி, அதில் என்ன இருந்தது என்று அவள் சொல்ல வேண்டும். பிறகு "ஏன்" என்று தொடங்கும் ஐந்து கேள்விகள். இரண்டு நாள் கழித்து வேறொரு பாடத்தின் ஆங்கிலப் பக்கம். சமூக அறிவியலிலும் கணக்கிலும் இதே போல. கணக்கில் வெறும் கூட்டல் பெருக்கல் வேண்டாம், வாக்கியமாக வரும் கணக்கை எடுக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தில் ஐந்துக்கு நான்கு சொன்னாள். ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கிலத்திலேயே பதில் கேட்டபோது ஐந்துக்கு இரண்டு. இதோடு விட்டிருந்தால் "ஆங்கிலம் வரல, தமிழ் வழிதான்" என்று முடிவாகியிருக்கும். அதே ஆங்கிலப் பக்கத்துக்குத் தமிழில் பதில் சொல்லலாம் என்றதும் நான்கு வந்தது. ஆக, அவளுக்கு ஆங்கிலம் புரிகிறது, சொந்தமாகச் சொல்லத்தான் வரவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. புரியாத பிள்ளைக்கு வழியை மாற்ற வேண்டும். சொல்ல வராத பிள்ளைக்குச் சொந்த வாக்கியம் எழுதவைக்கும் ஆள் வேண்டும். எழுதிக்கொடுத்த பதிலை அப்படியே ஒப்பிக்கவைக்கும் பள்ளியில் இந்தக் குறை பத்தாம் வகுப்பு வரை வெளியே தெரியாது. மதிப்பெண் வந்துகொண்டே இருக்கும், பதினொன்றில்தான் தெரியும்.

அதனால்தான் நோட்டைப் பார்ப்பது பள்ளியின் முகப்பைப் பார்ப்பதைவிட முக்கியம். மூன்று பள்ளியிலும் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ஏழாம் வகுப்பு அறிவியல் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். சிபிஎஸ்இ பள்ளி நோட்டில் கையெழுத்து அழகு, பிழை இல்லை, ஆனால் இரண்டு பிள்ளைகளின் நோட்டிலும் பதில்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. உதவி பெறும் பள்ளி நோட்டில் பிழை இருந்தது, பிழைக்குமேல் சிவப்பு மையில் திருத்தம், வாரம் தவறாமல் தேதியோடு கையெழுத்து. அரசுப் பள்ளி நோட்டில் சில பக்கம் திருத்தியிருந்தது, சில வாரம் கைபடவே இல்லை. பதில்கள் பிள்ளையின் சொந்த வாக்கியங்கள். இந்த ஒரு தேர்வில் உதவி பெறும் பள்ளிதான் முதலிடம். அதை மறைக்க வேண்டியதில்லை.

பயணத்தை வேலை நாளில், பள்ளி நேரத்தில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டூ வீலரில் போய், "இருபது நிமிஷம்தான்" என்று சொல்வது பிள்ளையின் பயணம் அல்ல. சிபிஎஸ்இ பள்ளி வேனில் கேட்க வேண்டிய கேள்வி, நம் வீடு எத்தனையாவது நிறுத்தம் என்பது. இந்த வீடு காலையில் முதல் ஏற்றம், மாலையில் கடைசி இறக்கம். வேனைப் பின்தொடர்ந்து பார்த்ததில் காலை 1 மணி 10 நிமிடம், மாலை 1 மணி 20 நிமிடம். ஆண்டுக்கு 210 வேலை நாள் என்றால் 525 மணி நேரம். நகரப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸும் நடையுமாக ஒருநாளைக்கு 1 மணி 40 நிமிடம், ஆண்டுக்கு 350 மணி நேரம். அரசுப் பள்ளிக்குத் தெருப் பிள்ளைகளோடு நடந்தால் போகவர 50 நிமிடம், ஆண்டுக்கு 175 மணி நேரம். வண்டியில் குமட்டும் பிள்ளைக்கு வேன் நேரம் படிக்கும் நேரமாகாது, வீட்டுக்கு வந்தபின் ஒரு மணி நேரம் படுக்கத்தான் செய்வாள். அதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது.

கழிப்பறையை மாலை மூன்று மணிக்குமேல் பாருங்கள். காலையில் எல்லாப் பள்ளியிலும் சுத்தம்தான். குழாயில் தண்ணீர், உள்தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் வயதுக்கு வரும் பெண் பிள்ளைகள், தண்ணீர் இல்லாத பள்ளியில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் தேடிக்கொள்கிறார்கள். அரசுப் பள்ளியில் முதல் முறை பார்த்தபோது இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் அம்மாவே எழுந்து கேட்ட பிறகு, ஜூனுக்குள் போட்டார்கள். பெற்றோர் உட்கார்ந்து பேச அப்படி ஓர் இடம் இருப்பதும் பொருத்தத்தில் சேரும்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி ஆறாம் வகுப்பிலேயே கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் போலத் தோன்றும். கேட்டே ஆகவேண்டும். "போன வருஷம் பத்தாவதில் எத்தனை பேர்? அதில் இங்கேயே பதினொன்றில் சேர்ந்தது எத்தனை பேர்?" இந்த ஒரு கேள்வி போதும். முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், சொந்தப் பிள்ளைகளையே மதிப்பெண் பார்த்துக் கழிக்கும் பள்ளியாக இருக்கலாம். அப்படியானால் ஏழு ஆண்டுக் கணக்கு ஐந்து ஆண்டோடு முடிந்துவிடும், மீதி இரண்டு ஆண்டுக்கு எங்கே போவது என்ற கேள்வி மிஞ்சும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் அந்த இரண்டு ஆண்டைப் படிக்கவைக்கலாம் என்று பலர் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகையை இப்போதே எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்று. பதினொன்றில் பன்னிரண்டாம் பாடத்தை நடத்தும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான் 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. மாநில வாரியப் பள்ளியில் இனி பதினொன்றின் பாடம் உண்மையில் நடக்கிறதா என்பதை அங்கே படிக்கும் பிள்ளையின் நோட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆறாம் வகுப்பில் மட்டும் திறக்கும் கதவு

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலான தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். அதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி வேண்டும். 2024 முதல் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவியருக்கும் உண்டு. இந்த வீடு பார்த்த சுயநிதி ஆங்கிலப் பிரிவுக்கு இல்லை.

ஆகவே ஆறாம் வகுப்புத்தான் முடிவெடுக்கும் ஆண்டு. ஏழாம் வகுப்பில் மனம் மாறி அரசுப் பள்ளிக்கு வந்தால் கதவு மூடியிருக்கும். இதை எத்தனையோ பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதற்காக, ஒதுக்கீட்டுக்கென்றே ஒரு பள்ளியில் பிள்ளையைப் போடுவதும் பிழை. அங்கே கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, அவள் விரும்பும் பிரிவு இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்த்தால், ஒதுக்கீட்டைப் பயன்படுத்தும் அளவுக்கு மதிப்பெண்ணே வராது.

முடிவு எப்படி வந்தது

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு தலைப்பில் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். இந்த வீட்டிலும் கணவன் ஒரு தாளில் போட்டார், மூன்று பள்ளியும் 38, 39, 41 என்று வந்தன. அப்படித்தான் வரும். ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறை ஈடுகட்டும் என்ற எண்ணத்தில் எழுதும் தாள் அது. தினம் குமட்டுவதை ஸ்மார்ட் போர்டு ஈடுகட்டாது.

அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி. முதலாவது: ஏழு ஆண்டும், இரண்டு பிள்ளைக்கும், கடன் வாங்காமல் கட்ட முடியுமா? இதில் சிபிஎஸ்இ பள்ளி நின்றுபோனது. இரண்டாவது: மிச்சமுள்ள பள்ளிகளில், ஒன்றில் இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவர முடியுமா?

உதவி பெறும் பள்ளியின் பெரிய நிறை, வாரம் தவறாத திருத்தம். அம்மா தமிழ் வழியில் பன்னிரண்டு வரை படித்தவர். எட்டாம் வகுப்புவரை கணக்கும் அறிவியலும் அவரே பார்த்துக்கொள்வார். தினம் ஐந்து சொந்த வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதவைத்துத் திருத்த, தெருவிலேயே மாதம் 1,000 ரூபாய்க்கு ஓர் ஆசிரியை கிடைத்தார். ஆகவே அந்த நிறையை வெளியிலிருந்து கொண்டுவர முடியும். அரசுப் பள்ளியின் நிறைகளோ, நாளுக்கு 50 நிமிடம் மிச்சமாகும் நேரம், உடற்கல்வி ஆசிரியரும் மைதானமும், கூட நடக்கும் நாலு தோழிகள், 7.5 சதவீதம். இவற்றில் எதையும் பணம் கொடுத்து வெளியே வாங்க முடியாது. கல்விக் கட்டணம் என்பது வெளியே கிடைக்காததற்குக் கொடுக்கும் விலையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அந்த அளவில் மகளுக்கு அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவு.

இதே கேள்வி தம்பிக்கு நேர்மாறான பதில் தந்தது. அவன் எழுத்தைத் திருப்பிப் போடுகிறான், வரியைத் தாண்டிப் படிக்கிறான். இப்போதைய பள்ளியில் அவன் வகுப்பில் 22 பேர், ஒரு வாக்கியத்துக்குக் காத்திருக்கும் பொறுமையுள்ள ஆசிரியை. இது வீட்டில் உண்டாக்க முடியாதது. அவனை அங்கேயே வைத்து, அந்தக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டி, மாதம் நான்கு முறை சிறப்புக் கல்வியாளரிடம் அழைத்துப் போக 2,400 ஒதுக்கினார்கள். கற்றல் குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதுநர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றுகளை இப்போதிருந்தே சேர்த்துவைப்பது நல்லது.

எது மாறியிருந்தால் இந்த முடிவு மாறியிருக்கும் என்பதையும் எழுதிவைத்தார்கள். அம்மாவுக்குப் பாடம் பார்க்க நேரம் இல்லாதிருந்தால், உதவி பெறும் பள்ளி. சோதனையில் தமிழில் சொல்லச் சொன்னபோதும் இரண்டே வந்திருந்தால், தமிழ் வழி. வேனில் கடைசி ஏற்றமாக இருந்து, பிள்ளை ஒன்றே ஒன்றாக இருந்து, மிச்சம் இரண்டு மடங்காக இருந்திருந்தால், சிபிஎஸ்இ பள்ளியை மறுபடி எடைபோட்டிருக்கலாம்.

சேர்க்கையில் ஒரு சிக்கல் வந்தது. தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும்போது எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) எண்ணைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியின் பதிவேட்டில் பெயர் ஏறாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே, எமிஸில் விடுவித்தாயிற்றா என்று கேட்டுவிட வேண்டும். இந்த வீட்டில் கேட்கவில்லை, பதினைந்து நாள் இழுத்தது. சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்புவரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்துவிட்டுத்தான் அலைய வேண்டும்.

ஓராண்டுக்குப் பிறகு

கணக்கு ஆசிரியர் பணியிடம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காலி. வேறு பாட ஆசிரியர் பார்த்துக்கொண்டார். அரையாண்டில் கணக்கில் 41. வீட்டில் சண்டையே வந்தது, சிபிஎஸ்இ பேச்சு திரும்ப எழுந்தது. 41க்குக் காரணம் எது என்று தாளை எடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் இல்லாத அந்த மாதங்களின் பாடத்தில்தான் முழுக்கப் போயிருந்தது, மற்றவை சரி. டியூஷன் ஆசிரியையிடம் ஆங்கிலத்தைக் குறைத்து, ஆறு வாரம் அந்தப் பாடத்தை மட்டும் நடத்தச் சொன்னார்கள். முழு ஆண்டுத் தேர்வில் 68. காலிப் பணியிடம் அரசுப் பள்ளியில் திரும்பவும் வரலாம். டியூஷன் தொகையை அதற்காகவே கணக்கில் வைத்திருக்க வேண்டும், வேறு எதற்கும் தொடக் கூடாது.

கோகோவில் குறுவட்டப் போட்டி வரை போனாள். நோட்டில் சொந்த வாக்கியங்கள் நீளமாகியிருக்கின்றன, பிழையோடுதான்.

பிசகியது பணத்தில். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு அருகில் மிச்சமாகும் என்று போட்ட கணக்கில் ஒரு பகுதிகூடத் தனியே நிற்கவில்லை. அஞ்சலகத்தில் மாதம் 5,000 தொடர் வைப்புத் தொடங்கினார்கள். ஆடியில் ஒரு தவணை விட்டது, வெள்ளி விலை ஏறியபோது இன்னும் இரண்டு. தவணைகள் பல விடுபட்டால் அந்தக் கணக்கு நிறுத்தப்படும். மாதந்தோறும் ஒரே தொகை கட்டச் சொல்லும் திட்டம் கொலுசுத் தொழிலுக்கு ஒத்துவராது. மகளின் பெயரில் சிறு வயதில் தொடங்கி, ஆண்டுக்கு 250 மட்டும் போட்டுவந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஒன்று பீரோவில் கிடந்தது. பத்து வயது நிறையும் முன் தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதியால், தொடங்காதவர்களுக்கு இப்போது அந்த வழி இல்லை. இவர்களிடம் இருந்தது. அதில் ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகம் ஒன்றரை லட்சம், எந்த மாதமும் எவ்வளவும் போடலாம். பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயது ஆனாலோ, உயர்கல்விக்கு முந்தைய நிதியாண்டு இருப்பில் பாதிவரை எடுக்கலாம். தீபாவளிக் கூலியும் தைக் கூலியும் கைக்கு வந்த வாரத்திலேயே அதில் போடுவது என்று மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்து பார்க்க வேண்டிய நாட்கள் இரண்டு. 2027 மார்ச்சில் அவள் எட்டை முடிப்பாள். அம்மாவால் பாடம் பார்க்க முடிவது ஏறத்தாழ அதுவரைதான். அதன் பிறகு யார் பார்ப்பது என்பதற்கான ஆளும் தொகையும் அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதே மாதத்தில் தம்பி ஐந்தை முடிப்பான். அவனுக்கு உதவி பெறும் பள்ளியில் ஒரு பிரிவில் எத்தனை பேர் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்கள். 46 என்றார்கள். அது அவனுக்கு அதிகம்.